மெய்நிகர் கணினியின் சாவி எங்கே இருக்கிறது?

[காட்சி: பினாங்கு, பாயான் லெப்பாஸ். ஓர் அலுவலகத்தின் சர்வர் அறை.]

வணக்கம். 1972 முதல் இன்டெல் இயங்கிவரும் பினாங்கில் சில்லு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் வேலைக்குப் போன அக்காவோ அத்தையோ இங்கே பல வீடுகளில் உண்டு. ஆனால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு மெய்நிகர் கணினியின், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாகவே இயங்கும் கணினியின், இரகசியங்களை எப்படிக் காக்கிறது என்பதைச் சற்று நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: திரையில் ஒரு கோப்பு, அதன் அருகே ஒரு கையடக்க வட்டு.]

மெய்நிகர் கணினியின் வட்டு என்பது பெரும்பாலும் ஒரு கோப்புதான். அதை நகலெடுத்தவர் கையில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் தனிச்சாவிகளும் சேர்ந்தே போய்விடும். வட்டைக் குறியாக்கம் செய்யலாம். அப்படிச் செய்தால், இரவு 2 மணிக்குச் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகும்போது சாவியைத் தருவது யார்?

[காட்சி: மதர்போர்டில் டிபிஎம் சில்லு, மிக அருகில்.]

இதற்குத்தான் டிபிஎம். கணினி தொடங்கும்போது அடுத்து இயங்கவிருக்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஹேஷும் (உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) கணக்கிடப்பட்டு, பிசிஆர் எனப்படும் பதிவகத்தில் ஏற்கெனவே உள்ள மதிப்போடு சேர்த்து மீண்டும் ஹேஷ் செய்யப்பட்டு, அங்கேயே எழுதப்படுகிறது. சாதாரண கணினிகளில் இத்தகைய பதிவகங்கள் 24 உள்ளன. தொடக்க வரிசையைப் பதிவுசெய்யும் பதிவகங்களை இடையில் அழித்துத் திருத்த முடியாது; கணினியை மறுபடி தொடங்கினால்தான் அவை பழைய நிலைக்குத் திரும்பும். குறிப்பிட்ட மதிப்புகள் இருந்தால் மட்டுமே சாவியைத் தரும்படி சில்லிடம் முத்திரையிட்டு வைக்கலாம். இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்தால் ஹேஷ் மாறிவிடுவதால், மறுநாள் முறையான கணினிக்கே சாவி மறுக்கப்படுவதும் உண்டு; ஆகவே மீட்புச் சாவி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஒரு சர்வரில் சில்லு ஒன்று, மெய்நிகர் கணினிகளோ பல. எனவே ஒவ்வொன்றுக்கும் மென்பொருளாலான டிபிஎம் தரப்படுகிறது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் லினக்ஸ் கேவிஎம் சூழலில் அது எஸ்டபிள்யூ-டிபிஎம். சிக்கல் இங்கேதான் திரும்பி வருகிறது: அது காக்கும் சாவிகள் உள்ளிட்ட அதன் நிலையும் வட்டில் ஒரு கோப்பாகவே கிடக்கிறது. குறியாக்கத்தை நாமாக அமைக்காவிட்டால், வட்டுக் கோப்பைத் திருடுபவர் இதையும் சேர்த்தே எடுத்துச் செல்வார். அரணாக வைத்தது வெறும் அலங்காரமாகிவிடும்.

அந்த நிலைக்கோப்பின் சாவியைச் சர்வரின் உண்மையான சில்லிலேயே முத்திரையிடலாம். ஆனால் பினாங்கில் முத்திரையிட்ட சாவி கோலாலம்பூர் சர்வரில் திறக்காது. மெய்நிகர் கணினியை இடம் மாற்ற முடியாமல் போகும். என் பார்வையில், சாவியைத் தனிச் சாவிச் சர்வரில் வைத்து, எந்தச் சர்வர் கேட்டாலும் அது எந்த மென்பொருளோடு தொடங்கியது என்று அதன் டிபிஎம் கையொப்பமிட்ட சான்றைச் சரிபார்த்த பிறகே கொடுப்பது மேலானது. விண்டோஸ் சர்வர் 2016-இல் வந்த ஹோஸ்ட் கார்டியன் சேவை இப்படித்தான் இயங்குகிறது.

[காட்சி: ரேம் பட்டைகள்.]

திறந்த சாவி இயக்க நேரத்தில் நினைவகத்தில் இருக்கும். சர்வரின் ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாக அதிகாரம், உள்ளவர் அந்த நினைவகத்தை ஒரே கட்டளையில் கோப்பாக இறக்கிவிடலாம். டிபிஎம் அதைத் தடுக்காது. ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் ஆகிய செயலி வசதிகள் அங்கேதான் வேலை செய்கின்றன: மெய்நிகர் கணினியின் நினைவகத்தைச் செயலியே குறியாக்கம் செய்துவிடுவதால், அப்படி இறக்கிய கோப்பில் பொருளற்ற பைட்டுகளே மிஞ்சும்.