ஒரே இடத்துக்குப் பத்து தடவை

(சேலத்தில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்கள் சார்பாக உங்கள் அப்பா அம்மாவிடம் ஒன்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சேலத்துக்காரி. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நிமிர்ந்தால் சேர்வராயன் மலைதான், ஏற்காடு இருக்கிற மலை. வகுப்பில் "ஏற்காடு போனவங்க கை தூக்குங்க" என்றால் மொத்த வகுப்பும் தூக்கும். "என்ன பார்த்தீங்க?" என்றால் படகு சவாரி, மிளகாய் பஜ்ஜி, லேடி சீட் காட்சிமுனை. "வழியில் என்ன பூ பூத்திருந்தது?" என்று கேட்டால் ஒரு சத்தமும் வராது. பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. காலையில் ஏறி ஆறு இடத்தைப் பார்த்து முடித்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவர்களை ஓட்டிக்கொண்டு போவது நாம்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். பத்து இடத்துக்கு ஒவ்வொரு தடவை போகிறீர்களே, அதை விட்டுவிட்டு ஒரே இடத்துக்குப் பத்து தடவை போங்கள். வருஷம் முழுக்கப் போங்கள். மழையிலும் போங்கள், காய்ந்து கிடக்கும்போதும் போங்கள்.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். கன்னங்குறிச்சியைத் தாண்டி அடிவாரத்தை ஒட்டி ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் கிளுவை வேலி. என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை அவளோடு நடந்தேன். வேலி மேல் செங்காந்தள் ஏறிப் பூத்திருந்தது. நம் மாநிலப் பூ. கார்த்திகைப் பூ, கண்வலிப் பூ என்றும் சொல்வோம். பாடப் புத்தகத்தில் அட்டைப் படமாகப் பார்த்திருப்பாள். ஆனால் அவள் பூவைப் பார்க்கவில்லை, இலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாயி, இலைக்கு வால் இருக்குது!" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். அந்த இலையின் நுனி நூல் மாதிரி நீண்டு, சுருண்டு, பக்கத்துக் கிளுவைக் குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. பற்றுக்கம்பி என்று எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அது ஒரு செடியின் கை என்பதை அந்தக் குழந்தை சொல்லித்தான் உணர்ந்தேன். அப்புறம் இரண்டு பேரும் பூவைப் பார்த்தோம். இதழ் ஆறும் பின்பக்கமாக மடங்கி, தீ மேலே எழும்புகிற மாதிரி நிற்கும். இன்று விரிந்ததில் மஞ்சள் அதிகம், நாலு நாள் ஆனதில் சிவப்பு அதிகம். ஒரே கொடியில் மொட்டின் பச்சையிலிருந்து முழுச் சிவப்பு வரைக்கும் வரிசையாக இருந்தது. ஒன்று மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: இந்தச் செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுத்துவிடும்; பறிக்கவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. இதன் விதையிலிருந்துதான் மருந்துக்கான கோல்கிசின் எடுக்கிறார்கள், அதற்காகவே இதைப் பயிர் செய்கிற விவசாயிகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

மாசியில் மறுபடியும் அதே வேலிக்குப் போனோம். கொடி இருந்த இடமே தெரியவில்லை. "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. சரி, நம்ப வேண்டாம், வந்து பார்ப்போம் என்றேன். சித்திரையில் போனோம், வைகாசியில் போனோம், ஒன்றும் இல்லை. ஆடியில் இரண்டு மழை பெய்த பிறகு போனபோது, வேலி அடியில் விரல் நீளத்துக்கு ஒரு முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் கழற்றினாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை போயிருந்தால் அவளுக்கு ஓர் அழகான பூ கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது ஆறு. சேர்வராயன் மலைக்கும் நமக்கும் உள்ள சொந்தம் தண்ணீரில் இருக்கிறது. திருமணிமுத்தாறு அந்த மலையில் பிறந்து, நம் ஊருக்கு நடுவே சுகவனேசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. சரபங்கா நதியும் அதே மலையில்தான் தொடங்குகிறது. ஓமலூர், எடப்பாடி பக்கம் போய் அதுவும் காவிரிக்கே போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்குகிற வாணியாறு மட்டும் தென்பெண்ணைக்குப் போகிறது. ஏற்காட்டுக்கு மேலே, சுமார் 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் இருக்கிறதே, அந்தக் குகைக்குள் சேர்வராயனோடு இருக்கும் அம்மன் பெயர் காவேரி. அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைமக்கள் சொல்வார்கள். குகையைப் பற்றி நான் பேசவில்லை. அந்த மலையின் தெற்கிலும் மேற்கிலும் விழுகிற மழை காவிரிக்குத்தான் போகிறது என்பது வரைபடம் சொல்லும் உண்மை. பிள்ளைகளைக் குகை வாசலில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

அங்கிருந்து இறங்கி வந்து, ஊருக்குள் பாலத்தில் நிறுத்துங்கள். இது எனக்கு வலிக்கிற இடம். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு "இது என்ன சாக்கடை?" என்று கேட்கும். ஆமாம் சாக்கடைதான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடாதீர்கள். "இது ஆறு, போன மாசம் மலையில் நீ காலை நனைத்த அதே தண்ணீர்" என்று சொல்லுங்கள். என் பேத்தி அதற்கு, "அப்போ யாரு இப்படிப் பண்ணுனது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக் கழிவுநீர், பட்டறைக் கழிவு, நாம் போடுகிற குப்பை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பட்டியலில் நம் வீடும் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஐந்து வயதுக்கு அது அதிகம் என்று நினைக்காதீர்கள். மேலே தெளிந்த தண்ணீரைப் பார்த்த பிள்ளைக்குத்தான் கீழே கெட்டுப்போனது உறைக்கும்.

கெட்டது மட்டும்தான் கண்ணில் படும் என்றில்லை. மூக்கனேரிக்குப் போங்கள். மலைத் தண்ணீர் வந்து சேரும் ஏரி அது. 2010-ல் நம் ஊர்க்காரர்களே சேர்ந்து அதைத் தூர்வாரினார்கள். வெட்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. சாயங்காலம் ஐந்தரைக்குக் கரையில் உட்கார்ந்தால் கொக்கும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

மலைப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் வாந்தி எடுக்கும் என்று கண்ணை மூடித் தூங்கச் சொல்கிறோம். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு தெர்மாமீட்டரோடு கூட்டிப்போனேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பாடம். ஐந்து வளைவுக்கு ஒரு தடவை வண்டியை ஓரமாக நிறுத்தி அளந்தார்கள். எண் இறங்க இறங்க, வெளியே மரமும் மாறுவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். கீழே முள் மரமும் ஆவாரையும், நடுவில் மூங்கில், மேலே காப்பித் தோட்டமும் அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும். அந்த சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். பாதை ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கிற உன்னிச்செடியும் வெளியூர்க்காரிதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று காட்டையே மூடுகிறது. எது நம் மண்ணுடையது, எது வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், என் தப்பு. ஒரு ஐப்பசியில் மலையில் ஓர் ஓடைக்கு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிப்போனேன். தலைக்கு மேல் வெயில் அடித்தது, கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் ஓடைக்கு நடுவே பாறையில் விளையாட, நான் கரையில் ஒரு தும்பைச் செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விறகுச் சுமையோடு வந்த ஒரு மலைக்காரப் பாட்டி சுமையைப் போட்டுவிட்டுக் கத்தினார்: "கண்ணு, புள்ளைங்களை மேல கூப்புடு, தண்ணி நெறம் மாறுது பாரு!" பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்திருந்தன. பிள்ளைகளைக் கரையேற்றிக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற பாறை மூழ்கிவிட்டது. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை. மழை மேலே எங்கேயோ பெய்திருக்கிறது. ஓடைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மனசில் எழுதி வையுங்கள். நிறம் மாறினால், சருகு வந்தால், இரைச்சல் கூடினால், செருப்பைத் தேடாமல் மேலே ஏறிவிடுங்கள். மழைக்காலத்தில் ஓடைக்குள் இறங்கவே வேண்டாம். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூரில் சுமார் 300 அடி கீழே விழுகிறது, அதைத் தள்ளி நின்று பாருங்கள்.

காட்டெருமையைப் பார்த்தாலும் அப்படித்தான், செல்போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போகக் கூடாது. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். வனத்துறைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஊர்ப்பாதையும் கோயில் பாதையும் நமக்குப் போதும்.

எப்போது எதைப் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காப்பிச்செடி பூக்கும், மல்லிகைச் சரம் மாதிரி கிளை தெரியாமல் வெள்ளை வெளேர் என்று. மூன்று நாலு நாள்தான், அந்த வாசனைக்காகவே ஒரு தடவை ஏறலாம். சித்திரையில் சரக்கொன்றை. மழை என்றால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, மேகாலயாவிலிருந்து வந்த குடுவைச்செடி பூச்சியைப் பிடிப்பதைக் காட்டுங்கள். குறிஞ்சிக்குக் காத்திருக்க வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2006-லும் 2018-லும் பூத்த அந்த இனம் நம் சேர்வராயன் மலையிலும் உண்டு. 12 வருஷம் என்பது, ஒன்றாம் வகுப்பில் பார்த்த பிள்ளை ப்ளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி பார்ப்பது.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நான் அந்தக் கிளுவை வேலிக்குப் போகிறேன். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது, அவள்தான் முன்னால் நடப்பாள். வருகிறவர்கள் கன்னங்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு நோட்டு, பென்சில் போதும். புளிசாதம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன், பாக்கெட் தீனி வேண்டாம். வேலியில் இப்போது ஒன்றும் இருக்காது, வெறும் மண்தான். அந்த மண்ணைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.