அப்கிரேட் பாதியில் கேள்வி கேட்டால் ‘வை’ (Y) அடிக்காதீர்கள்

[திரையில்: டெர்மினல், அப்கிரேட் பாதியில் நிற்கிறது]

வணக்கம். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அப்கிரேட் பாதியில் நின்று, ‘இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பொதியோடு (மென்பொருள் பக்கேஜோடு) புதியதும் வந்திருக்கிறது, எதை வைக்க?’ என்று கேட்டால் தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு ‘வை’ (Y, அதாவது புதியதையே போடு) அடிக்காதீர்கள்.

ஏன் கேட்கிறது? பழைய பொதி கொண்டுவந்த கோப்பின் எம்டி5 குறியை, அதாவது அதன் கைரேகை போன்ற ஒரு எண்ணை, பொதிகளை நிறுவும் டிபிகேஜி (dpkg) குறித்து வைத்திருக்கும். நீங்கள் கை வைக்கவே இல்லையென்றால் சத்தமில்லாமல் புதியதைப் போட்டுவிடும், நீங்கள் மாற்றியும் பொதியில் அந்தக் கோப்பு மாறாவிட்டால் உங்களுடையது அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி.

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை லாப் என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கணினிக்கும் நெட், ஸ்க்விட் (Squid) என்ற இடைநிலை ப்ரொக்சி மென்பொருள் வழியாகத்தான் போகிறது. லோக்கல்நெட்டை, அதாவது லாப் கணினிகளின் உள் வலையை, அனுமதிக்கிற வரிக்கு முன்னால் அதைச் செயலிழக்க வைத்திருந்த ஹாஷை (#) எடுத்துவிட்டு, விளையாட்டுத் தளங்கள் சிலவற்றையும் தடுத்து வைத்திருக்கிறார் சேர். ‘வை’ அடித்தால் அதெல்லாம் போய்விடும், காலையில் பிள்ளைகள் வந்து இருக்க ஒரு பக்கமும் திறக்காது.

[திரையில்: டி அழுத்தியதும் வரும் வரிகள்]

முதலில் ‘டி’ (D) அழுத்துங்கள், இரண்டு கோப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கழித்தல் குறி போட்டது உங்களுடைய வரி, கூட்டல் குறி போட்டது புதியது. பார்த்துவிட்டு ‘என்’ (N) அழுத்துங்கள், உங்களுடையது அப்படியே இருக்கும். வெறும் என்டர் தட்டினாலும் அதேதான். புதிய கோப்பு டிபிகேஜி-டிஸ்ட் (.dpkg-dist) என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும், பிறகு ஆறுதலாக ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும், ஏனென்றால் புதிய பதிப்பு கைவிட்ட ஒரு வரி பழைய கோப்பில் கிடந்தால் சேவை தொடங்காமலே போகலாம். ஏற்கெனவே ‘வை’ அடித்துவிட்டீர்களா? டிபிகேஜி-ஓல்ட் (.dpkg-old) என்று தேடுங்கள், உங்கள் பழையது அங்கே இருக்கும்.

இதைவிட நல்ல வழி, பெரிய கோப்பைத் தொடாமல் உங்கள் வரிகளை மட்டும் கொன்ஃப்-டி (conf.d) ஃபோல்டருக்குள் தனிக் கோப்பாக எழுதுவது. இப்போதைய ஸ்க்விட் பொதி அதைத் தானாக வாசிக்கும், அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று. பொதியைக் கழற்றி மாற்றும்போது ரிமூவ் (remove) போட்டால் ஈடிசியில் (/etc, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) உள்ள அமைப்புகள் தங்கும், பேர்ஜ் (purge) போட்டால் அவையும் அழியும். ஹோம் ஃபோல்டரில் இருப்பதை இரண்டுமே தொடாது.

ஆனால் பொதியின் வகையே மாறினால் இடமும் மாறும். உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசர் ஸ்னாப் (snap) என்ற வேறு வகைப் பொதிக்குப் போனபோது புக்மார்க், பாஸ்வேர்ட் இருக்கிற புரொஃபைல், ஹோம் ஃபோல்டரில் உள்ள புள்ளி-மொசில்லாவிலிருந்து (.mozilla) ஸ்னாப் ஃபோல்டருக்கு இடம் மாறியது. அதனால் அப்கிரேட்டுக்கு முதல் நாளே ஈடிசியையும், புரொஃபைல் இருக்கிற புள்ளி-மொசில்லாவையோ ஸ்னாப் ஃபோல்டரையோ ஒரு பென்ட்ரைவில் கொப்பி எடுத்து வையுங்கள்.