ஓடை மணலில் கிடைத்த சுருள்கள்: பழைய கடலில் வாழ்ந்தவையா, போன மழைக்கு வந்தவையா?

"ஐயா, காரை பக்கத்து ஓடையில் மணல் அள்ளிவந்து வீட்டில் அலசினேன். கடுகைவிடச் சிறிய சுருள்கள் நிறையக் கிடைத்தன. இவை பழங்காலக் கடல் உயிர்களா, இன்றைய நத்தைகளா? பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?" பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

மற்ற கேள்விகளோடு சேர்த்து இரண்டு வரியில் பதில் சொல்லத்தான் எடுத்து வைத்திருந்தேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. நான்கு படத்திலும் நான்கு வேறு கதை இருக்கிறது. அதனால் இன்று இந்த ஒரு கேள்விக்கே நேரம் கொடுக்கிறேன்.

முதல் படம். தட்டையாகச் சுருண்டிருக்கிறது, தேன் நிறம், விளிம்பில் வெளிச்சம் ஊடுருவுகிறது. பார்த்தவுடன் "குட்டி அம்மோனைட்" என்று சொல்லத் தோன்றும். தம்பி, அது அம்மோனைட் இல்லை. அம்மோனைட் என்பது கணவாய்க்குச் சொந்தமான, எப்போதோ அற்றுப்போன சுருள் ஓட்டுக் கடல் உயிர். நம் குளங்களிலும் ஓடைகளிலும் இன்றும் வாழ்கிற தட்டைச் சுருள் நத்தையின் குஞ்சு ஓடு. இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மணலை நன்றாகக் காயவைத்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மெல்லத் தூவுங்கள். காலியான நத்தை ஓட்டுக்குள் காற்று இருப்பதால் பெரும்பாலும் மேலே மிதந்து வரும். களிமண்ணோ கனிமமோ உள்ளே நிறைந்து இறுகிய பழைய சுருள் நேராகக் கீழே போகும். மூழ்குவது எல்லாம் பழையது என்று இதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஈரம் புகுந்த புது ஓடும் மூழ்கும்.

ஆக, மூழ்கியதை லென்ஸில் பாருங்கள். நத்தை ஓடு நுனியிலிருந்து வாய் வரைக்கும் ஒரே குழாய், இடையில் சுவர் கிடையாது. அம்மோனைட்டுக்குள் சுவர்கள் உண்டு. மேல் ஓடு தேய்ந்திருந்தால் அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடம் வளைந்து நெளிந்த கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் நத்தையா என்ற சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது படம்தான் என்னை உட்காரவைத்தது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்பிய சிறு அறைகள் ஒன்றையொன்று ஒட்டிச் சுழன்று வருகின்றன. ஒவ்வோர் அறையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிது, இடையே பள்ளமான கோடு. இது ஃபொராமினிஃபெரா. ஒரே செல் உயிர் தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு. வளர வளர ஓர் அறையைக் கூடக் கட்டிக்கொண்டே போகும். இதில் சில கடல் தரையில் வாழ்ந்தவை, சில நீரில் மிதந்து வாழ்ந்தவை. படத்தில் இருப்பது மிதந்த வகை மாதிரி தெரிகிறது. படத்தை மட்டும் வைத்துப் பேரினப் பெயர் சொல்ல மாட்டேன். சுருளின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், வாய்த் துளை எங்கே திறக்கிறது என்று பார்க்க வேண்டும், வெளி விளிம்பில் மேடான வரம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்துப் படத்தில் இது எதுவும் தெரியாது. நனைத்த மெல்லிய தூரிகையால் புரட்டிப் போட்டு மூன்று கோணத்தில் எடுத்து அனுப்புங்கள்.

அந்த வரம்பு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ரோட்டாலிபோரா என்று வரம்புள்ள மிதவை வகை ஒன்று உண்டு. சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல்களின் ஆழத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த காலத்தை ஒட்டி அது உலகமெங்கும் அற்றுப்போனது. காரைக் களிக்கல் அடுக்குகள் அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் படிந்தவை. அதாவது ஒரு மண்துகள் அளவு ஓட்டை வைத்து, இந்த அடுக்கு அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிட முடியும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் மேலே வரும் கல்தூளில் இதைத்தான் தேடுகிறார்கள். பெரிய அம்மோனைட் துளைக் கருவியில் நொறுங்கிப்போகும், இது தப்பித்து வரும்.

இங்கேதான் நான் வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நேயர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும், பரவாயில்லை. ஓடை மணல் ஒரு பஸ் ஸ்டாண்ட் மாதிரி. எல்லா ஊர்க்காரரும் அங்கே இருப்பார்கள். நிற்கிற இடத்தை வைத்து யார் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. அந்தப் பகுதியின் அமைப்பை யோசியுங்கள். மேற்கே பழைய பாறை, அதன்மேல் ஊட்டத்தூர் அடுக்குகள், கிழக்கே வர வர திருச்சிராப்பள்ளி அடுக்குகள், அப்புறம் அரியலூர் அடுக்குகள். நிலம் பொதுவாகக் கிழக்கே தாழ்வதால் பல ஓடைகள் பழைய அடுக்கை அறுத்துக்கொண்டு புதிய அடுக்கின்மேல் வருகின்றன. கிழக்கே நின்று ஒரு கைப்பிடி மணலை அள்ளினால் 10 கோடி ஆண்டுப் பொருளும், 7 கோடி ஆண்டுப் பொருளும், போன ஐப்பசி மழைக்குப் பொரித்த நத்தையும் ஒரே உள்ளங்கையில் இருக்கலாம். நேற்றைய புகைபோக்கித் தூசியும் இருக்கலாம்.

புகைபோக்கி என்றேனே, அதுதான் மூன்றாவது படம். பளபளவென்று உருண்டை, கண்ணாடி போல. "முட்டையா, உயிரினமா?" என்று கேட்டிருக்கிறார். நிலக்கரி எரியும்போது அதிலுள்ள சாம்பல் உருகி, காற்றிலேயே உருண்டு இறுகிய கண்ணாடித் துளி அது. சிமென்ட் ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் உள்ள பகுதிகளில் மணலை அலசினால் இது வரத்தான் செய்யும். அறைக் கோடு இல்லை, துளை இல்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வட்டம். உயிர் கட்டிய வீட்டில் ஒரு வாசல் எங்காவது இருக்கும். வெல்டிங் பொறியிலிருந்து வரும் இரும்பு உருண்டையும் இப்படித்தான் ஏமாற்றும், அதைக் காந்தத்தைக் காட்டிப் பிரித்துவிடலாம். காரையில் இன்னொன்றும் ஏமாற்றும், ஜிப்சம். சிப்பித் துண்டு போலவே மின்னும், ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழும்.

நான்காவது படத்துக்குப் பாராட்டு. மூன்று மில்லிமீட்டர் முக்கோணம், பழுப்பு நிறம், மேலே எனாமல் மினுமினுப்பு. சுறாப் பல். வேர்ப்பகுதி உடைந்துபோயிருக்கிறது, அதனால் இனத்தைச் சொல்வது சிரமம். காரை அடுக்கில் சுறாப் பற்கள் மட்டுமல்ல, இக்தியோசாரஸ் வகைக் கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் கிடைத்து ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது மக்கிப்போகும். பல் வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், அதுவும் பாஸ்பேட், கனமானது, உறுதியானது. அதனால்தான் ஓடையில் சரளை தங்கும் இடத்தில், பெரிய கல்லுக்குப் பின்னால், வளைவின் உள்பக்கத்தில் பல் சேர்ந்திருக்கும். ஃபொராமினிஃபெரா நேர் எதிர். இலேசானது. ஓடுகிற நீரில் அடித்துப் போய்விடும், தங்கினாலும் உருண்டு தேய்ந்துவிடும். மணலில் உங்களுக்கு இவ்வளவு நல்ல ஓடு கிடைத்திருக்கிறது என்றால் அதன் தாய் அடுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே "பெயர் என்ன" என்பதற்கு முன்னால் "எங்கிருந்து ஓடைக்கு வந்தது" என்று கேட்டிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஓடையோடு மேல்நோக்கி நடங்கள். கிளை ஓடை சேரும் ஒவ்வோர் இடத்திலும், சேர்வதற்கு மேலே இரண்டு கிளையிலும் தனித்தனியாக ஒரு கைப்பிடி அள்ளுங்கள். ஒரு கிளையில் பல் வரும், இன்னொன்றில் வராது. வருகிற கிளையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஓர் இடத்தில் நின்றுவிடும். நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே, அரித்த கரையில், உங்கள் அடுக்கு வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

கரையில் மேல்பொருக்கைச் சுரண்டிவிட்டு, உள்ளே இருக்கும் புது மண்ணில் அரைக் கிலோ போதும். எறும்பும் காற்றும் கொண்டுவந்த கலப்பு அந்தப் பொருக்கோடு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. காய்ந்த கட்டியைத் திறந்த வெளியில், அடுப்பு பக்கம் போகாமல், மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே புகுந்த எண்ணெயைத் தண்ணீர் வெளியே தள்ளும்போது கட்டி தானாகக் கரைந்து சேறாகும். சுத்தியலால் உடைத்தால் ஓடும் சேர்ந்து உடையும். பிறகு சல்லடை. ஆய்வகங்களில் 230 எண் சல்லடை, துளை 63 மைக்ரான். ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் கிடைக்கும் வலைத்துணியில் ஏறக்குறைய அதே நுண்மை உண்டு, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு பையை அலசி அடுத்த பைக்குப் போகும்முன் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயக் கரைசலில் முக்கி எடுங்கள். முந்தைய பையிலிருந்து ஏதாவது ஓடு வலையில் சிக்கியிருந்தால் நீலமாகிவிடும். பிறகு தட்டில் நீல ஓடு தெரிந்தால் அது இந்தப் பையுடையது இல்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் ஒருவருடைய சேகரிப்பை நம்புவேன்.

தட்டில் நீள்வட்டமாக, இரண்டு மூடியோடு வருபவை ஆஸ்ட்ரகோடுகள், இறால் நண்டுகளுக்குச் சொந்தக்காரர்கள். ஒரே வடிவம் பல அளவில் இருந்தால் பல இனம் என்று எழுதிவிடாதீர்கள். இவை வளரும்போது எட்டு முறை வரை ஓட்டைக் கழற்றும், ஒரே உயிர் விட்டுச்சென்ற குழந்தைப் பருவ ஓடுகளும் கிடைக்கும். சாயல் ஒன்று, அளவு வேறு என்றால் வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

அடுக்கு தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேகரித்த எச்சங்கள் லண்டன் போயின. இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். மிகக் கூர்மையான கண் அவருக்கு, அவர் வைத்த பெயர்கள் பலவற்றை இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் காலவரிசையில் புதுச்சேரித் தொகுதிதான் மூன்றிலும் பழையது என்று கணித்தார். இன்று நமக்குத் தெரியும், புதுச்சேரிப் பக்கத்து வழுதாவூர் அடுக்குகள், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்தவை, மூன்றிலும் இளையவை. சிப்பி லண்டனில் மேசைமேல் இருந்தது, அது கிடந்த அடுக்கு இங்கே இருந்தது. பின்னால் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த மண்ணிலேயே நடந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்த பிறகுதான் எந்தச் சிப்பி எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று பேச முடிந்தது. அந்தப் பிரிவை ஆதாரமாக வைத்துத்தான் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய பெரிய தொகுதிகளை எழுதினார்.

மாணவரிடம் இன்னும் மூன்று விஷயம். வினிகர் விட்டுச் சோதிக்க ஆசை வரும், உடைந்த துண்டில் மட்டும் விடுங்கள். நுரை வந்தால் சுண்ணாம்பு, ஆனால் முழு ஓட்டில் விட்டால் வாய்த் துளையின் விளிம்பு முதலில் கரையும், அதுதான் அடையாளத்துக்கு வேண்டியது. சுரங்கக் குத்தகை நிலத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள், பட்டா நிலத்து ஓடையானால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு அள்ளுங்கள். பெரிய எலும்போ முழுப் பல் வரிசையோ கண்ணில் பட்டால் தோண்டாமல், படம் எடுத்து, ஃபோனில் இருப்பிடத்தைக் குறித்து, உங்கள் கல்லூரியின் புவியியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

இரண்டாவது படத்து ஓட்டை மட்டும் இன்றைக்கே தனியாக ஒரு சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள், பஞ்சு வைக்காதீர்கள், இழையில் மாட்டிக்கொள்ளும். கரை மண்ணில் அதே வடிவம் மறுபடி வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். வந்தால் அடுத்த காணொளியில் அந்தப் பெயரை நாம் சேர்ந்தே கண்டுபிடிப்போம்.