சுவரிடம் பேசினாலும் திக்கும்

நண்பர்களே, வணக்கம். எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதிக் கொண்டுவந்திருப்பது 10 நிமிடப் பேச்சு. கணக்கு உங்களுக்கே புரியும்.

நான் சிறுவயதில் திக்கியவன் இல்லை. 43 வயது வரை வாய் ஓயாமல் பேசியவன். ஒரு நாள் குளியலறையிலிருந்து "துண்டு எங்கே?" என்று கேட்க வாயெடுத்தேன். "து... து..." என்று அங்கேயே நின்றுவிட்டது. விளையாடுகிறேன் என்று மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததில் அரை நாள் போய்விட்டது. மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கைகால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நினைத்திருந்தவன் நான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பேச்சு திடீரென்று மாறினால் சிரிக்காதீர்கள், ஓடுங்கள்.

வளர்ந்த பிறகு இப்படித் திக்கல் வருவதற்குப் பக்கவாதம் மட்டும்தான் காரணம் என்றில்லை. தலையில் அடிபட்டாலும் வரலாம், பார்க்கின்சன் நோயிலும் வரலாம், பெரிய மன அதிர்ச்சிக்குப் பின்னும் வரலாம். சில மாத்திரைகளால் வருவதும் உண்டு. அதை மருத்துவர் மாற்றிக் கொடுத்ததும் போய்விட்டவர்கள் பாக்கியசாலிகள்.

பிள்ளைப் பருவத்துத் திக்கல் பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். அதோடு வளர்ந்தவர்களுக்கு எந்தச் சொல் காலை வாரும் என்று தெரியும், பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்த வித்தை வரவில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் சிக்கும். எனக்கு எங்கே வேண்டுமானாலும் சிக்கும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல்லில் மூன்று இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறேன். நம் மொழியில் வினைச்சொல் இவ்வளவு நீளம் என்று அதற்கு முன் கவனித்ததே இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பத்தியைக் கொடுத்து ஐந்து முறை படிக்கச் சொன்னார். சிறுவயதிலிருந்து திக்குபவர்களில் பலருக்குத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது திக்கல் குறையுமாம். நான் ஐந்தாம் முறையும் முதல் முறை போலவே படித்தேன். சேர்ந்து படிக்கலாம் என்றார், திக்கியது. பாடுங்கள் என்றார். பாட்டும் திக்கியது, ராகமும் போனது. அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். மூளைப் பாதிப்பால் வரும் திக்கல் பலருக்கு இப்படித்தானாம்.

"பதறாம பேசுங்க" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நான் பதறுவதில்லை. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துப் பேசிப் பார்த்தேன். சுவரிடம் எனக்கென்ன கூச்சம்? அப்போதும் திக்கியது. கூச்சத்தில் வந்திருந்தால் தைரியத்தில் போயிருக்கும்.

தொலைபேசிதான் கொடுமை. ஒரு சேவை எண்ணைக் கூப்பிட்டால் இயந்திரம் பெயரைச் சொல்லச் சொல்கிறது. வேறு சொல் போட முடியாத ஒரே சொல் பெயர்தானே? முதல் எழுத்திலேயே நிற்கிறேன். "உங்கள் பதில் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்கிறது. மூன்றாம் முறை இணைப்பே போய்விட்டது. அப்புறம் மனிதர் ஒருவர் கிடைத்தார். அவர் "லைன் சரியில்லை சார்" என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று ஆண்டாகிறது. சிலருக்குச் சில மாதத்தில் அடங்கிவிடும், எனக்கு அடங்கவில்லை. மேசையில் விரலால் அசைக்கு ஒரு தட்டு தட்டிப் பேசப் பழகியிருக்கிறேன். இப்போதும் இந்த மேசையில் கேட்கும் டொக் டொக் அதுதான், மைக் கோளாறு இல்லை.

நான் இழந்தது சொற்களை அல்ல, சமயத்தை. நண்பர்கள் கூடியிருக்கும்போது ஒருவன் என்னைக் கிண்டல் செய்வான். பதிலடி நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அது வெளியே வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எல்லோரும் துக்க விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது என் நகைச்சுவை வந்து சேர்ந்த நாளும் உண்டு. இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன், நான் மேசையைத் தட்டத் தொடங்கியதுமே கையை உயர்த்திவிடுகிறான்: "இருங்கடா, எனக்கு அடி வந்துக்கிட்டு இருக்கு."