கல்லீரலுக்கு இரத்தம் திரும்பும் வேளை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். 2025 ஆகஸ்ட் முதல் தேதி இரவு, தானமாகப் பெறப்பட்ட கல்லீரல் ஒன்று ஒயிட்ஃபீல்டிலிருந்து ராஜராஜேஸ்வரி நகருக்கு நம் பெங்களூரு மெட்ரோ ரயிலில் கொண்டுசெல்லப்பட்ட செய்தியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அந்த உறுப்புக்கு நேரம் ஏன் அத்தனை முக்கியம் என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

இரத்த ஓட்டம் நின்றவுடன் கல்லீரல் செல்கள் பிராணவாயு கிடைக்காமல் தம் ஆற்றல் இருப்பைச் செலவழித்துவிடுகின்றன, அமிலம் தேங்குகிறது, செல்கள் வீங்குகின்றன. ஆயினும் சேதத்தின் பெரும்பகுதி இரத்தம் மீண்டும் பாயும்போதுதான் நேர்கிறது. நிலைகுலைந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் திடீரென நுழையும் பிராணவாயு, செல்களின் சவ்வையே அரிக்கும் மூலக்கூறுகளாக மாறுகிறது. கல்லீரலிலேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் அழற்சியைத் தூண்ட, அங்கு வந்து குவியும் வெள்ளணுக்கள் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன.

கல்லீரலை வெட்டும்போது இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த, அதற்குள் செல்லும் இரத்தக்குழாய்களைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் முறையை கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் பிரிங்கில் 1908இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் 15 நிமிடம் பிடித்து, 5 நிமிடம் விட்டு, மீண்டும் பிடிக்கிறோம். அந்தச் சிறு இடைவெளியில் செல்கள் ஓரளவு தேறிக்கொள்கின்றன. மாற்று அறுவைக்கான கல்லீரலையோ பாதுகாப்புத் திரவத்தால் அலசி, பனிக்கட்டியின் நடுவே ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். குளிர் செல்களின் தேவையைக் குறைக்குமே தவிர, அறவே நிறுத்திவிடாது. ஆகவேதான் குளிர்ந்த திரவத்தில் பிராணவாயுவைக் கலந்து, பொருத்துவதற்கு முன்பே கல்லீரலுக்குள் செலுத்தும் இயந்திரங்கள் வந்துள்ளன. இதயத்துடிப்பு நின்று இறந்தவர்களிடமிருந்து பெற்ற கல்லீரல்களை வைத்து ஐரோப்பாவில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில், இம்முறையால், பின்னாளில் தொல்லை தரும் பித்தநாளச் சுருக்கம் 18 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது. இத்துறையில் எனக்குப் பெரும் நம்பிக்கை தரும் முன்னேற்றம் இதுவே.

எனக்குக் கவலை தருவது கொழுப்பேறிய கல்லீரல். கொழுப்பால் பருத்த செல்கள் நுண்குழாய்களை முன்னரே நெருக்கியிருப்பதால், இரத்தத் தடையை அது வெகுநேரம் தாங்காது. தம்பிக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வரும் அண்ணனிடம், ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும்போது அந்தக் குடும்பமே கலங்கிப்போகிறது. நோயாளியின் நிலை இடம் தருமானால், அந்தக் காத்திருப்பு வீணாவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் சில வாரங்களிலேயே கொழுப்பு குறைந்து, மறுபரிசோதனையில் அதே அண்ணன் தானத்துக்குத் தகுதி பெறுவதுண்டு.