சீலிங் லைட்டு ஆடுதா? ஸ்க்ரூ பிளக் வாங்கப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[காட்சி: சீலிங்கிலிருந்து ஒரு பக்கம் இறங்கி நிற்கும் வட்ட எல்இடி லைட்டு]

இந்த லைட்டைப் பாருங்க. ஒரு பக்கம் சீலிங்கோட ஒட்டியிருக்கு. இன்னொரு பக்கம் ரெண்டு விரக்கடை இறங்கி, வயரைப் பிடிச்சுக்கிட்டு தொங்குது. இது மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க அத்தை வீடு. தோட்டத்து லயன் வீட்டை விட்டு தமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆச்சு. "தம்பி, இதுக்குக் கீழ உக்காந்து சோறு திங்கவே பயமா இருக்குடா"ன்னு போன் போட்டாங்க. போன தீபாவளிக்கு இதை மாட்டினது யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.

[காட்சி: உள்ளங்கையில் பிளாஸ்டிக் பிளக், அதைச் சுற்றி வெள்ளைத் தூள்]

கழட்டினதும் கையோட வந்தது இந்த பிளாஸ்டிக் பிளக். கூடவே ஒரு கரண்டி வெள்ளைத் தூள். நான் பண்ணின தப்பு இதுதான். இந்தப் பிளக் செங்கல், கான்கிரீட்டுக்கு உள்ளது. ஸ்க்ரூ உள்ள போகப் போக பிளக் விரியும், சுத்தியிருக்கிற கல்லு அதை இறுக்கிப் பிடிக்கும். அத்தை வீட்டு சீலிங் பிளாஸ்டர் போர்டு, அதுல கல்லு ஏது? ரெண்டு காகிதத்துக்கு நடுவுல ஜிப்சம், அவ்வளவுதான். நம்ம ஊரு சீலிங்ல பெரும்பாலும் 9 இல்ல 12 மில்லிமீட்டர் கனம். பிளக் விரிஞ்சா ஜிப்சம் நொறுங்கும்.

பிளாஸ்டர் போர்டு சுவத்துல இதே பிளக் கொஞ்ச நாள் தாங்கும். ஏன்னா அங்க எடை ஸ்க்ரூவுக்குக் குறுக்கே இழுக்குது. சீலிங்ல எடை நேரா கீழ, ஸ்க்ரூ போன வழியாவே வெளிய இழுக்குது. இருபத்துநாலு மணி நேரமும். அதுக்கு மேல சாயங்கால மழையில கூரை ஒழுகினா ஜிப்சம் ஊறிப் போயிடும். போர்டுல பழுப்புக் கறை இருந்தா முதல்ல கூரையைப் பாருங்க, லைட்டு அப்புறம்.

இன்னொண்ணு, இதைத் தாண்டிப் போகாதீங்க. பழைய தோட்டத்து வீடு, பழைய லோகோஸ்ட் (குறைஞ்ச விலை) வீடுன்னா சீலிங் தகடு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட்டா இருக்கலாம். சாம்பல் நிறமா, தட்டினா கெட்டியா இருந்தா டிரில்லைக் கீழ வெச்சிடுங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. சந்தேகம்னா துளை போடவே வேண்டாம், தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

[காட்சி: டிபி பெட்டி, சுவிட்சைக் கீழே இறக்கும் கை]

லைட்டு சுவிட்சை ஆஃப் பண்ணினா பத்தாது. டிபி பெட்டியில, அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில, அந்த லைனுக்கு உள்ள எம்சிபி சுவிட்சை இறக்கணும். டெஸ்ட் பேனாவை முதல்ல கரண்டு வர்ற ஒரு சாக்கெட்ல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறம் லைட்டு வயர்ல வைங்க. 230 வோல்ட், விளையாட்டு இல்ல. வயர் கருகியிருந்தா, கனெக்டர் உருகியிருந்தா பதிவு பெற்ற வயர்மேன் வேலை அது. நம்ம வேலை பிடிமானம் மட்டும்.

[காட்சி: சிறு காந்தம் சீலிங்கில் ஒட்டிக்கொள்கிறது]

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பிரிஜ்ஜுல ஒட்டியிருக்கிற, நல்லா பிடிக்கிற ஒரு காந்தத்தை எடுத்து சீலிங்ல மெதுவா நகர்த்துங்க. போர்டைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தலை மேல போனா ஒட்டும். வரிசையா ரெண்டு மூணு இடத்துல ஒட்டினா அந்தக் கோட்டுக்கு மேலதான் கட்டையோ இரும்புச் சட்டமோ ஓடுது. லைட்டோட அடித்தகடு அந்தக் கோட்டுல விழுந்தா அதிர்ஷ்டம். கட்டைன்னா மரத்துக்கு உள்ள ஸ்க்ரூ, இரும்புன்னா இரும்புக்கு உள்ள ஸ்க்ரூ, நேரா அதுல முடுக்கிட்டு ஒரு கோப்பி குடிக்கலாம். போர்டுல ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிற ஆங்கரே வேணாம்.

அத்தை வீட்டுல அந்த அதிர்ஷ்டம் இல்ல. லைட்டு நடு அறையில, சட்டம் ஒரு அடி தள்ளி.

[காட்சி: ஹார்ட்வேர் கடையில் வாங்கிய மூன்று வகை ஆங்கர், மேசை மேல்]

கடைக்காரத் தௌக்கே மூணு எடுத்துப் போட்டாரு. முதல்ல இந்தத் திருகுச் சுருள் ஆங்கர். துளையே போட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரால முடுக்கினா போதும், அதனாலதான் எல்லாரும் இதை வாங்குறாங்க. ஆனா இதுவும் ஜிப்சத்தைத்தான் பிடிக்குது. புகை அலாரம் மாதிரி எடையே இல்லாத சாமானுக்குச் சரி. லைட்டுக்கு நான் போட மாட்டேன்.

ரெண்டாவது, ஒரு பக்கம் மட்டும் கனமா இருக்கிற டாகிள். துளைக்குள்ள போனதும் தன் எடையால குறுக்கே திரும்பும். சுவத்துல. சீலிங்ல நேரா மேல போனா அது குறுக்கே திரும்பாது, அப்படியே கீழ வந்திடும்.

மூணாவது, ஸ்பிரிங் வெச்ச இறக்கை போல்ட். இதைத்தான் எடுத்தேன். மடிச்ச குடையை முனை முன்னால விட்டு நுழைக்கிற மாதிரி நுழைக்கணும். போர்டைத் தாண்டினதும் ஸ்பிரிங் இறக்கையை விரிச்சிடும். எடை இப்ப ஜிப்சத்துக்குள்ள இல்ல, போர்டோட மேல் முதுகுல பரவி உக்காருது.

இதுல ஒரு நல்லது பாருங்க. இறக்கை நுழைய எப்படியும் விரல் தடிமனுக்குத் துளை வேணும். நான் போன வருஷம் நாசமாக்கின ஓட்டையே கொஞ்சம் சரி பண்ணினா அளவுக்கு வந்திடுச்சு. சுத்தி உள்ள போர்டு கெட்டியா இருக்கணும், அடித்தகடு ஓட்டையை மறைக்கணும். விரலால அழுத்தினா அமுங்குதுன்னா அடித்தகட்டைத் திருப்பி வேற இடம் பாருங்க.

[காட்சி: போல்ட்டில் இறக்கையை மாட்டும் கை, கிட்டத்தில்]

போல்ட் நீளத்தைக் கடையிலயே பாருங்க: போர்டு கனம், அடித்தகடு கனம், மடிச்ச இறக்கை நீளம், இந்த மூணையும் கூட்டினதுக்கு மேல இருக்கணும். குறைஞ்சா இறக்கை விரியாது.

துளை போடுறப்ப டிரில்லோட சுத்தியல் மோடை அணைச்சிடுங்க. பிட்ல டேப் ஒட்டி ஆழம் குறிச்சுக்குங்க, மேல வயர் ஓடலாம். கண்ணாடி போடுங்க, தூள் முழுசும் முகத்துலதான் விழும்.

போல்ட்டை முதல்ல அடித்தகடு வழியா விட்டு, அதுக்கு அப்புறம் இறக்கையை மாட்டணும். மாத்திச் செஞ்சா கழட்டணும். கழட்டினா இறக்கை சீலிங்குக்கு மேல விழுந்து 'டிங்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு ரெண்டு போச்சு.

உள்ள விரிஞ்சதும் அடித்தகட்டைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டே முடுக்குங்க. இழுக்காம முடுக்கினா இறக்கையும் சேர்ந்து சுத்தும். தகடு ஒட்டினதும் கால் சுத்து போதும். மேல முடுக்கினா போர்டு நசுங்கும், திரும்ப முதல்லேர்ந்து.

எடையைப் பொறுத்தவரைக்கும், பாக்கெட்டுல போட்டிருக்கிற எண்ணு பிடுங்கி வர்ற அளவுன்னா அதுல நாலுல ஒரு பங்கைத்தான் நம்பணும். அத்தையோட லைட்டைச் சமையல் தராசுல வெச்சேன், ஒரு கிலோவுக்கும் கம்மி. ரெண்டு போல்ட்டுக்கு இது ஒண்ணுமே இல்ல.

[காட்சி: லைட்டு எரிகிறது, அத்தை கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்]

"அப்ப அந்த ரூமு ஃபேனையும் இதே மாதிரி மாட்டிடுறியா?"ன்னு கேட்டாங்க. இல்ல அத்தை, ஃபேன் ஆடும், சுத்தும், எடையும் அதிகம். அதுக்கு கான்கிரீட்லயோ கூரைக் கட்டையிலயோ போட்ட கொக்கி வேணும். போர்டுல எந்த ஆங்கரும் கிடையாது.