கட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லதா?

[காட்சி: மெத்தைக் கடை. ஒருத்தர் உள்ளங்கையால மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்.]

ரெண்டு அமுக்கு, ஓரத்துல உட்கார்ந்து ஒரு குதி. பல வருஷம் படுக்கப்போற மெத்தையை நாம தேர்ந்தெடுக்கிற லட்சணம் இதுதான். கூடவே, "முதுகு வலிக்குதா, கட்டாந்தரையில படு"ன்னு பெரியவங்க சொன்னதும் மனசுல ஓடும். அதனால கடையிலேயே கட்டியா இருக்கிறதைத் தூக்கிட்டு வந்துடுறோம்.

2003-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஸ்பெயின்ல செஞ்ச ஒரு ஆய்வு வந்துச்சு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க 313 பேர். ஒரு பகுதிக்குக் கட்டி மெத்தை, இன்னொரு பகுதிக்கு நடுத்தரம். 90 நாள் கழிச்சுப் பார்த்தா, நடுத்தர மெத்தையில படுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சிருந்துச்சு.

[காட்சி: ஒருக்களிச்சுப் படுத்த உருவத்தின் கோட்டோவியம்.]

ஒருக்களிச்சுப் படுக்கும்போது தோளும் இடுப்பு எலும்பும் கொஞ்சம் அமுங்கணும். கட்டி மெத்தை அதுக்கு விடாது. தோள் மரத்துப்போகும், இடுப்பு எலும்புக்கு மேல இருக்கிற வளைவு அந்தரத்துல நிக்கும். ரொம்ப மெத்துனு இருந்தா உடம்பு தூளியில கிடக்கிற மாதிரி வளைஞ்சுடும்.

[காட்சி: கடையில செருப்பைக் கழட்டிட்டு ஒரு அக்கா படுக்கிறாங்க.]

கடையில படுத்துதான் பார்க்கணும். வீட்டுல எப்படித் தூங்குவீங்களோ அப்படி, ஒரு பத்து நிமிஷம். மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழ கையை நுழைங்க. தாராளமா போயிட்டு வந்தா மெத்தை உங்களுக்குக் கட்டி. கையே நுழையலைன்னா மெத்து. லேசா உரசிக்கிட்டுப் போனா சரி. ஒருக்களிச்சுப் படுக்கிறவங்க, கூட வந்தவரை முதுகுப் பக்கமா நின்னு பார்க்கச் சொல்லுங்க: கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் கோடு நேரா இருக்கணும். வீட்டுத் தலையணையையும் எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்து "டென்சிட்டி". "40 டென்சிட்டி சார், நல்லா கட்டியா இருக்கும்"பாங்க. அந்த 40 கட்டித்தன்மையோட அளவே இல்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடைன்னு அர்த்தம். ஒரே வகை ஃபோம்ல எடை கூடினா பொதுவா உழைப்பு கூடும், அவ்வளவுதான். 80, 100னு சொல்றது பெரும்பாலும் ரீபாண்டட். ஃபோம் துண்டுகளை அரைச்சு, பசை போட்டு அழுத்தினது. நம்பர் பெருசா இருக்குன்னு மயங்காதீங்க.

மெமரி ஃபோம்னு ஒண்ணு, உடம்பு வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கிற ஃபோம். அது சூட்டுல இளகும், குளிர்ல இறுகும். ஏசி ஓடுற கடையில படுத்துப் பார்த்தது, ஏசி இல்லாத வீட்டுல மே மாசம் இன்னும் உள்ள இழுக்கும். உடம்புச் சூட்டையும் பிடிச்சு வைக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இலவம்பஞ்சோ ரப்பர் தெளிச்ச தேங்காய் நாரோ காத்தோட்டமா இருக்கும். ஆனா பஞ்சு கட்டி தட்டிப்போகும். அப்பப்போ வெயில்ல போடணும், சில வருஷத்துக்கு ஒருமுறை பிரிச்சு அடிச்சுத் தைக்கணும்.

[காட்சி: விரிப்பு எடுத்த மெத்தை மேல குறுக்க ஒரு நீளக் கம்பு.]

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசைச் சோதிங்க. நேரான கம்பு ஒண்ணை, இடுப்பு வர்ற இடத்துல குறுக்க வைங்க. கம்புக்குக் கீழ ரெண்டு விரல் போற அளவு பள்ளம் இருக்கா? இருந்தா குழி விழுந்திருக்கு. மெத்தையை எடுத்துட்டுக் கட்டில் பலகையையும் பாருங்க. பல வீட்டுல குழி பலகையிலதான் இருக்கும்; அதுக்குத் தச்சர் போதும்.

மெத்தை கட்டியா இருந்தா, மேல ரெண்டு அங்குல டாப்பரோ (மெத்தை மேல விரிக்கிற மெல்லிசு மெத்தை) மெல்லிசா ஒரு பஞ்சு மெத்தையோ போட்டா அடங்கிடும். குழி விழுந்த மெத்தைக்கு டாப்பர் போட்டா, டாப்பரும் அதே குழியில இறங்கும், காசு தண்டம். மூணு மாசத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடா மாத்திப் போட்டா குழி சீக்கிரம் விழாது. ஒருக்களிச்சுப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவுல ஒரு தலையணை, இல்ல மடிச்ச பழைய புடவை வைங்க, இடுப்புல இழுப்பு குறையும்.

புதுசுதான் வாங்கணும்னா கட்டிலோட உள் அளவை அளந்துட்டுக் கிளம்புங்க. 72, 75, 78 அங்குலம்னு நீளம் மாறும். வாரண்டி அட்டையில எத்தனை வருஷம்ங்கிறதோட, எவ்வளவு ஆழம் குழி விழுந்தா மாத்தித் தருவாங்கன்னும் படிச்சுட்டுப் பணத்தைக் கொடுங்க.